பட்டாளத்து வக்கீல் பர்மாவுக்குப் போன நாள்

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகளே, சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். சட்ட நுணுக்கமாக இருந்தால் நல்லது என்று வேறு சொன்னீர்கள். நுணுக்கமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். என்னிடம் இருப்பது கனவு மட்டும்தான்.

மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் எனக்குக் கோர்ட்டு வருகிறது. இப்போதைய கோர்ட்டு அல்ல, அறுபதுகளின் சப் கோர்ட்டு. உயரமான ஜன்னல்கள், வெளியே தூங்குமூஞ்சி மரம். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் எந்த மில்லிலிருந்தோ பறந்து வந்த பஞ்சுத் துணுக்குகள் உள்ளே மிதந்துகொண்டிருக்கும். நீதிபதி தலையில் ஒன்று போய் உட்காரும், யாரும் சிரிக்க மாட்டோம். அந்தக் கனவில் எப்போதும் ஒருவர் நீதிபதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறார். அவரைத் திரும்பச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. அவர் பாட்டுக்கு நிற்கட்டும் என்று நானும் தூங்கிவிடுகிறேன்.

அவர்தான் பட்டாளத்து வக்கீல். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே பிடிக்காது. சட்டம் படித்துவிட்டு, கோட்டு மாட்டிய சூட்டோடு யுத்தத்துக்குப் போனவர். பர்மாவில் தொலைந்து, திரும்பி வந்து, மறுபடி அதே கோட்டை மாட்டியவர். சிலர் அவரை மேஜர் என்பார்கள். அவர் மேஜர் இல்லை. "இன்னும் ரெண்டு வருசம் இப்படியே கூப்புட்டா ஜெனரல் ஆயிருவனுங்க" என்பார். ஊரில் குடியானவர்கள் வைத்த பேர்தான் நிலைத்தது. "பட்டாளத்து வக்கீலுங்களா, இந்தச் சந்துல திரும்பினா காம்பவுண்டு வெச்ச ஊடு" என்று எந்த வெற்றிலைக் கடைக்காரரும் வழி சொல்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாதம் மும்முரமாக நடக்கும்போது, அதுவும் அவரே பேசிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று நின்றுவிடுவார். பார்வை ஜன்னலுக்குப் போகும். கோர்ட்டு முழுதும் காத்திருக்கும், அவர் வரமாட்டார். பின்வரிசையில் யாராவது, "பர்மாவுக்குப் போயிட்டாருங்க, வர நேரமாகும்" என்று கிசுகிசுப்பார்கள். புதிதாக வந்த நீதிபதிகளுக்குத்தான் கோபம் வரும். பழகியவர்கள் அந்த நேரத்தில் பேனாவுக்கு மை போட்டுக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அல்லது கேட்காமலே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்துவிட்டால் எதிர்த்தரப்பு அவசரமாக வழக்குக் கட்டைப் புரட்டும். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தே நமக்குப் பாதி உயிர் போய்விடும்.

அந்த எதிர்த்தரப்பில் பலமுறை நின்றவள் நான். அப்போது இந்த ஊர்க் கோர்ட்டில் பெண் வக்கீல்கள் விரல் விட்டு எண்ணுமளவுக்குக்கூட இல்லை. எங்களுக்கென்று ஓர் அறையும் கிடையாது. மதியச் சாப்பாட்டை நான் தூணுக்குப் பின்னால், முந்தானையை மறைப்பாக வைத்துத் தின்றுகொண்டிருந்ததை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். மறுநாள் சரியாக ஒரு மணிக்கு மில் சங்கு ஊதியதும் வராந்தாவில் வந்து நின்று, "சாப்பிட்டுட்டுப் போங்க அம்மணி, ஊட்டுல இலை போட்டாச்சு" என்றார். அன்று காலைதான் ஒரு வழக்கில் இருவரும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தோம்.

அப்படித்தான் நான் அவர் வீட்டு மதியங்களுக்குள் போனேன். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. யார் தலை போனாலும் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். நாலு பெண்கள், ஒரு பையன். பெண்கள் நாலு பேருக்கும் காலையில் தலைவாரிப் பின்னுவது அவர் வேலை. "கயிறு முடியறது பட்டாளத்துல கத்துக்கிட்டதுங்க, வீணாப் போகலாமா?" என்பார். அவர் போட்ட பின்னல் மறுநாள் ராத்திரிவரை அவிழாது. "பாலம் கட்டற மாதிரி கட்டி உட்டர்றாரு, அவுக்கறதுக்குள்ள எனக்குக் கை செத்துப்போகுது" என்று அவர் மனைவி என்னிடம் முறையிடுவார். அந்த அம்மாவை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர்களுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு, சண்டை போடுவது தமிழ். எனக்குப் புரியட்டும் என்று அப்படிச் செய்வதாக அக்கா சொல்வார். சாப்பாட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இலைக்கு முன்னால் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது.

இனி நான் சொல்லவந்த வழக்குக்கு வருகிறேன்.

நாச்சாத்தாள் என்ற பெண் என் கட்சிக்காரி. கொடுமுடியில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் அவிநாசிக்குப் பக்கம். புருஷன் நல்ல மனிதன், ஆனால் பாரவண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கி, ஏர் பிடிக்க முடியாமல் போய்விட்டது. இரண்டு குழந்தைகள். அவளுடைய தகப்பனார் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று புதுச் சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சட்டம் வந்ததே தவிர, அதை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்க எந்தப் பெண்ணுக்கும் மனது வராது. கேஸ் போட்டால் நிலம் கிடைக்கும், பிறந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். இவள் அதைத் தெரிந்தே வந்தாள். "எனக்குச் சோறு வேணுமுங்க. தம்பியும் வேணுமுங்க. ரெண்டுல ஒண்ணுதான்னா சொல்லிப்போடுங்க, நான் இப்பவே பஸ் ஏறிக்கறேன்" என்றாள். பதில் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வழக்கைத் தாக்கல் செய்தேன்.

தம்பி செல்லமுத்துக்கு இருபத்திச் சொச்சம் வயது. சின்ன வயதிலேயே தாய் போய்விட, அக்காதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். தகப்பனார் போனபின் வீட்டை நடத்தியது ஒரு சித்தப்பா. வழக்கையும் அவர்தான் நடத்தினார். நகையும் சீரும் கல்யாணத்திலேயே கொடுத்தாகிவிட்டது, இனிப் பங்கு கிடையாது என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கு வக்கீல் நம் பட்டாளத்துக்காரர்.

இங்கே நம் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வழக்குப் போட்டவர் எழுதிக் கொடுத்ததற்கு எதிர்த்தரப்பு பதில் எழுதும்போது, எதையும் சும்மா விடமாட்டோம். "இதை மறுக்கிறோம், வாதியே நிரூபிக்கட்டும்" என்று வரிசையாக அடித்துக்கொண்டே போவோம். பகலில் சூரியன் இருந்தது என்று வாதி எழுதியிருந்தால் அதையும் மறுத்துவைப்போம். அந்த வேகத்தில், "வாதி இந்தக் குடும்பத்தில் பிறந்த மகள் என்பதையும் மறுக்கிறோம்" என்று ஒரு வரி அவர்கள் பதிலில் ஏறிவிட்டது. இங்கிலீஷில் இருந்தது. செல்லமுத்து படிக்காமல் கையெழுத்துப் போட்டான். நானும் பார்த்தேன், வழக்கமான வரி என்று தாண்டிப் போனேன். எங்களுக்கெல்லாம் அது வெறும் வரி.

விசாரணை நாள் ஆவணி மாதம் வந்தது. ஆடிக்காற்று இன்னும் அடங்கவில்லை, மரத்தின் பூவெல்லாம் ஜன்னல் வழியே உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முகூர்த்தத்தில் செல்லமுத்துக்குக் கல்யாணம் என்று ஊருக்கே தெரியும். நாச்சாத்தாள் கூண்டில் ஏறினாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தேன். பட்டாளத்துக்காரர் எழுந்தார்.

சாட்சியிடம் நம் கட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா? எழுதிக் கொடுத்ததையெல்லாம் "இப்படி என்று சொல்கிறேன்" என்று சாட்சியிடம் சொல்ல, சாட்சி "சரியல்ல" என்று சொல்ல, அது பதிவாகும். தினமும் நடக்கிற சடங்கு. அவர் காகிதத்தைப் பார்த்தபடி, பால்கணக்கு வாசிப்பதுபோலச் சொன்னார்.

"நீங்க இந்தக் குடும்பத்துல பொறந்தவங்களே இல்லை, செல்லமுத்து உங்க தம்பியும் இல்லைன்னு சொல்றனுங்க."

சரியல்ல என்று சொல்ல வேண்டும் என நான் அவளுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. வக்கீலைப் பார்க்கவும் இல்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, நீயா அப்படிச் சொன்னே?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அந்தப் பையன் முகம் சுண்ணாம்பாகிப் போனது. வாய் திறந்தான், பக்கத்திலிருந்த சித்தப்பா அவன் தொடையை அழுத்தினார். அவன் குனிந்துகொண்டான்.

"இங்கே பார்த்துப் பதில் சொல்லம்மா" என்றார் நீதிபதி.

அவள் திரும்பினாள். நீ யார் என்பதை நீயே நிரூபி என்றால் எதைக் காட்டுவது? அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறந்தவளுக்குப் பிறப்புக்கு என்ன ஆதாரம் இருக்கும்? தம்பியைத் தூக்கிச் சுமந்த இடுப்பைத்தான் காட்ட வேண்டும். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. இந்த மனிதர் வீட்டில் இனி ஒரு வாய் சோறு தின்பேனா என்று நினைத்தேன்.

பட்டாளத்துக்காரர் காகிதத்திலிருந்து தலை தூக்கினார். அவளைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பின்வரிசையில் அன்றைக்கு யாரும் பர்மா என்று கிசுகிசுக்கவில்லை. காற்று நின்று மறுபடி வந்தது. நீதிபதி பேனாவுக்கு மை போட்டு முடித்து, மூடியைத் திருகி, மறுபடி திறந்தார். அந்த முதுகு அசையவே இல்லை. அன்றுதான் முதல்முறையாக அவர் எங்கே போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

"அம்மணி, தம்பிக்கு இணைச்சீர் யாரு செய்யறாங்க?"

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவனுடைய உடன்பிறந்தவள் செய்யும் சீர் அது. கூறைச்சேலையை மூங்கில் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வருவாள். சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். புதிதாக ஒருத்தி வருகிறாள் என்பதற்காகக் கூடப்பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்று ஊர் முன்னால் அவன் சொல்வதற்கு அதுதான் அடையாளம்.

வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. நான் ஆட்சேபித்திருக்க வேண்டும், பாதி எழுந்தும்விட்டேன். பதில் என்ன வரும் என்று தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்குவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"பெரியப்பன் மகளை வெச்சுச் செய்யறதாப் பேசிக்கறாங்க" என்றாள் நாச்சாத்தாள்.

"நீங்க ஏன் செய்யலீங்க?"

"கூப்புடலீங்களே. கேசு போட்டவளை எப்படிக் கூப்புடுவாங்க?"

"கூப்பிட்டா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போவனுங்க. எங்கம்மா வெச்சிருந்த கூடை எங்கிட்டத்தான் இருக்குது. அவன் பொறந்தன்னைக்கே அம்மா சொல்லிக் குடுத்ததுங்க, இது உன்ற தம்பி கல்யாணத்துக்குன்னு. கூப்பிட்டாப் போவனுங்க. ஆனா கேசைத் திரும்ப வாங்கிக்கோன்னு சொன்னா மட்டும் வாங்க மாட்டனுங்க. அந்தப் பங்கு எங்கப்பன் குடுத்தது."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, "வக்கீல் சார், நீங்கள் யார் வழக்கை நிரூபித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"அந்த வரி என் கட்சிக்காரர் சொன்னதல்ல. என் கைப்பழக்கம் எழுதியது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நகையும் சீரும் கொடுத்தாகிவிட்டது என்ற கட்சி அப்படியே இருக்கிறது. அதைக் கோர்ட்டார் தீர்மானிக்கட்டும். வேறு கேள்வி இல்லை" என்றார். உட்காரும் முன் கூண்டைப் பார்த்துக் கைகூப்பினார். கட்சிக்காரர்களைப் பார்த்துக் கும்பிடும் வக்கீலை நான் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்புச் சாட்சியைக் கும்பிட்டவரை அன்று பார்த்ததோடு சரி.

வராந்தாவில் சித்தப்பா குதித்தார். "ஏனுங்க, எங்களுக்குப் பேசறதுக்கு வந்தீங்களா, அவளுக்குப் பேசறதுக்கு வந்தீங்களா? கட்டைக் குடுங்க, வேற வக்கீலைப் பாத்துக்கறோம்." அவர் வழக்குக் கட்டை எடுத்துக் கொடுத்தார். செல்லமுத்து தூணோடு தூணாக நின்றான். மில் சங்கு ஊதியது. பட்டாளத்துக்காரர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க அம்மணி" என்றார். போகக் கூடாது என்று அரைமணி நேரத்துக்கு முன் சபதம் செய்தவள், பின்னாலேயே போனேன்.

அன்று அவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். கொல்லைப்பக்கம் போய்ச் சின்னப் பெண்ணின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை "ஐயோ, காலையிலதானே பின்னினீங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. இலைக்கு முன்னால் வழக்குப் பேசக் கூடாது என்பதை மீறி, நடந்ததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா ரசக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனையே ஒருக்கா நிரூபிக்கச் சொன்னாங்க கண்ணு, தெரியுமா?" என்றார்.

பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்திருக்கிறார். காகிதமெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. பட்டாளத்தில் காணாமல் போனவர் கணக்கில் எழுதியாகிவிட்டது. சம்பள ஆபீசில் போய் நின்றால், நீதான் நீ என்பதற்கு இரண்டு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்களாம். தன் பெயரைத் தானே சொல்லி, அதை யாரும் நம்பாமல், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்பறம் ஊட்டுக்கு வந்தாரு. விளக்கு வெக்கற நேரம். தாடியும் சடையுமா எலும்புக்கூடு மாதிரி வாசல்ல நிக்கறாரு. எங்க மாமனாரு, பெத்த தகப்பன், பிச்சைக்காரன்னு நினைச்சு, அப்பறம் வான்னு சொல்லிப்போட்டாரு. இவரு பேசவே இல்லீங்க. ஒரு இருமல் இருமினாரு, அவ்வளவுதான். நான் அடுப்படியில இருந்தேன். எட்டிக்கூடப் பாக்கலை கண்ணு. அந்த இருமலு எனக்குத் தெரியாதா, தட்டுல சோத்தைப் போட்டு வெச்சேன். வந்து உக்காந்து தின்னாரு. நானும் கேக்கலை, அவரும் சொல்லலை." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோர் ஊத்தட்டுமா?" என்றார்.

நான் எழுதும்போது மறுபடி அந்த மோரின் குளிர்ச்சி கையில் படுகிறது.

சில நாள் கழித்து நாச்சாத்தாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு என் ஆபீசுக்கு வந்தாள். தம்பி வந்தானாம். விடிகாலையில் கொடுமுடி ஆற்றங்கரையில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது படித்துறையில் வந்து நின்றானாம். வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, அம்மாவோட கூடை உங்கிட்டத்தானே இருக்குது?" என்று கேட்டானாம். அவளும் "இருக்குது சாமி" என்று மட்டும் சொன்னாளாம்.

"போகலாமுங்களா? போனா கேசு கெட்டுப்போகுமுங்களா?" என்றாள்.

பெண்களைச் சீருக்குக் கூப்பிட்டு, அந்தக் கூட்டத்தில், அந்தச் சந்தோஷத்தில், பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடும் வேலை எனக்குத் தெரியும். போகாதே என்பதுதான் பத்திரமான ஆலோசனை. எந்தப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அவள் முதல் நாள் என்னிடம் கேட்டது இரண்டையும். ஒன்றை நானே பிடுங்கிக்கொள்வதா? "போங்க. ஆனா அங்க எந்தக் காகிதத்துலயும் கைநாட்டு வெச்சுப்போடாதீங்க" என்றேன். அப்படியும் மனது கேளாமல் கல்யாணத்துக்கு நானும் போனேன்.

பந்தலில் பட்டாளத்துக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார், நாலு பெண்களும் இறுக்கிப் பின்னிய தலையோடு. வழக்குக் கட்டைப் பிடுங்கிய வீட்டுக் கல்யாணம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "மாப்பிள்ளை வந்து கூப்பிட்டானுங்க. சாப்பாடும் நல்லாருக்கும்னு கேள்வி" என்றார்.

மேளக்காரர்கள் தயாராக, மணையில் செல்லமுத்து உட்கார்ந்திருந்தான். பெரியப்பன் மகள் நகையெல்லாம் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். சீர் செய்துவைக்கும் பெரியவர், "நேரமாகுது, யாரு வாரீங்க?" என்று குரல் கொடுத்தார். அப்போது வாசல் பக்கம் கூட்டம் விலகியது. நாச்சாத்தாள் தாயின் மூங்கில் கூடையைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

பந்தல்காலுக்குப் பக்கத்தில் சித்தப்பா வழிமறித்தார். நான் பயந்ததேதான். மடியிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அதைத் தவிர மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். "வா அம்மணி. வந்தது சந்தோசம். இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போய்ச் சீரைச் செய்யி. சொந்தம் சொந்தமாவே இருக்கட்டும்."

மேளம் நின்றுவிட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். பட்டாளத்துக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க அம்மணி. இது உங்க கோர்ட்டும் இல்லை, எங் கோர்ட்டும் இல்லை" என்றார்.

நாச்சாத்தாள் அசையவில்லை. பத்திரத்தைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். கோர்ட்டில் பார்த்த அதே பார்வை. அன்று அவனுக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் அவள் அப்படியே திரும்பிக் கொடுமுடிக்குப் போய்விடுவாள், பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மணையில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை எழக் கூடாது. அவன் உட்கார்ந்தபடியே, ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

"சித்தப்பா, எங்கக்கா கை ரெண்டும் கூடையில இருக்குதுங்க. வழிய உடுங்க."

சித்தப்பா நின்று பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் அவர் பக்கம் இல்லை. பெரியப்பன் மகளே ஒதுங்கி வழி விட்டுவிட்டாள். அவர் மைப்பெட்டியை மூடிக்கொண்டு நகர்ந்தார். மேளம் எழும்பியது. சேலையின் ஒரு முனை அவன் கைக்கும் மறுமுனை அவள் கைக்கும் போனபோது, பட்டாளத்துக்காரர் வீட்டு அக்கா என் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பட்டாளத்துக்காரர் எங்கேயோ தூரத்தில் இருந்தார்.

வழக்கு நின்றுவிடவில்லை. புது வக்கீல் வந்தார், நகைக் கட்சியை நன்றாகவே வாதாடினார், தோற்றார். பூர்வீக நிலத்தில் பாதி தம்பிக்கே உரியது என்பதால், தகப்பனாரின் பாதியில் பாதியாக நாச்சாத்தாளுக்குக் கால் பங்கும், கிணற்றில் அவள் முறைத் தண்ணீரும் தீர்ப்பாயிற்று. அப்பீல் போகலாம் என்று சித்தப்பா துள்ளினார். செல்லமுத்து கையெழுத்துப் போட மறுத்தான். அவள் பங்கு நிலத்துக்கு வாய்க்காலை அவனே மண்வெட்டி பிடித்து வெட்டிக் கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பட்டாளத்துக்காரருக்கு அந்த வழக்கால் கொஞ்ச காலம் கட்சிக்காரர்கள் குறைந்தார்கள். "கட்சிக்காரனையே கவுத்துப்போட்டவரு" என்று பேச்சு கிளம்பியது. அதற்காக அவர் ஒரு நாளும் ஒரு மணிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவில்லை.

நீங்கள் இப்போது கணினியில் பழைய மனுவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுகிறீர்கள். ஒட்டுங்கள், நேரம் மிச்சம். ஆனால் அந்த வரிகளில் ஒன்று என்றைக்காவது ஒருத்தி முகத்தில் போய் அடிக்கும். அப்போது ஜன்னலைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்க உங்களுக்குத் தைரியம் இருக்கட்டும்.

அவர் வெகுகாலம் வாழ்ந்தார். பெண்கள் எல்லாரும் கல்யாணமாகிப் போனார்கள், பையன் அதே வீட்டில் இருந்தான். கடைசி வருடங்களில் நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. போனால் லேசில் வராத தூரத்துக்கு அடிக்கடி போனார். நான் ஒருநாள் பார்க்கப் போனேன், எனக்கும் அப்போது தலை நரைத்திருந்தது. நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பி, வெகு மரியாதையாக, "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்றார்.

பையன் பதறி ஆரம்பித்தான். "அப்பா, இவங்கதான்பா அந்த லேடி வக்கீல், உங்க எதிர்த்தரப்புல நிப்பாங்களே, நாச்சாத்தா கேசு, ஞாபகம் இல்லையா?" அவர் முகத்தில் கலவரம் வந்தது. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, குனிந்துபோன முதுகோடு, மகன் கையைத் தட்டினார். "உடு சாமி. அவரை எதுக்குக் கூண்டுல ஏத்தறே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் புறப்பட எழுந்தேன். அதற்குள் மில் சங்கு நின்று பல காலம் ஆகியிருந்தது. ஆனாலும் என்ன கேட்டதோ அவருக்கு. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அம்மணி" என்றார்.

அக்கா ஏற்கெனவே இலை போட்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.